நாற்காலிக்கு ஓர் உதாரண வாக்கியம்

மார்ச் 3, செவ்வாய்

தம்பிக்கு,

நீ அனுப்பிய ஆங்கிலம்-தமிழ் அகராதி வந்து சேர்ந்தது. ஆயிரத்து நானூறு பக்கம். தலையில் போட்டால் ஆள் எழுந்திருக்க மாட்டான். நீ பக்கத்தில் இல்லாதது உன் அதிர்ஷ்டம்.

பகலில் வீடு பூட்டியிருக்கும் என்று நீச்சல் குளத்து முகவரிக்கு அனுப்பியிருந்தாய். அதனால் பார்சலைப் பிரித்தது நானில்லை, டிக்கெட் கவுன்டரில் இருக்கும் என் தோழி. "தொகுப்பாளர் பட்டியல்ல உன் தம்பி பேரு மூணாவதா இருக்குடி!" என்று முதலில் குதித்தவளும் அவள்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்து, விரல் விழுந்த வார்த்தையைப் படிப்பது என்று விளையாடினோம். மேலாளருக்கு 'பிடிவாதமான' என்று பொருள் போட்ட சொல் வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுத்து தோழியின் முறை. அவள் விரல் இந்த வார்த்தையில் போய் நின்றது. சி, யு, எஸ், எச், ஒய். குஷி. பெயரடை, பேச்சு வழக்கு. 'சிரமமில்லாத, சொகுசான, குறிப்பாக, வேலை.' அதற்குக் கீழே உதாரணம். அவள் சத்தமாகப் படித்தாள்:

"என் அக்காவுக்குச் சொகுசான வேலை, நாள் முழுக்க உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்."

எல்லோரும் சிரித்தார்கள் பார், பம்ப் அறையில் இருக்கும் ஆள்வரை எட்டிப் பார்த்தான். இப்போது என் பெயரே குஷி ஆகிவிட்டது. காலையில் நான் உள்ளே நுழைந்தால் மேலாளர், "குஷி வந்தாச்சா? குளத்தைத் திறக்கலாமா?" என்கிறார்.

நகரத்தின் ஐந்து குளங்களுக்கும் சேர்த்து, என்னைப் போன்ற லைஃப்கார்டுகளுக்குத் தலைமைப் பயிற்சியாளர் எடுக்கிறார்கள், நான் விண்ணப்பிக்கப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன் அல்லவா? விண்ணப்பத்தில் நான்காவது கேள்வி: 'உங்கள் தற்போதைய பணியை விவரிக்கவும்.' மூன்று நாளாக உட்கார்ந்து யோசித்தேன். 'உட்காருகிறேன். பார்க்கிறேன்.' அதற்கு மேல் பேனா ஓடவில்லை. நீ எழுதிய அதே வாக்கியத்தைத்தான் நானும் எழுதியிருக்கிறேன். கடைசித் தேதி இந்த மாதம் முப்பது. விண்ணப்பத்தை மடித்து அலமாரியில் குளியல் துண்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அனுப்பப் போவதில்லை.

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். போனில் பேசினால் இரண்டே நிமிஷத்தில் என்னைச் சிரிக்க வைத்துத் தப்பித்துவிடுவாய். எழுத்தில் செய்த காரியத்துக்கு எழுத்திலேயே பதில் சொல்.

அக்கா


மார்ச் 7, சனி

அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. என் முகம் போன போக்கைப் பார்த்து, "என்னய்யா, அச்சுப் பிழையா?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். அச்சுப் பிழையாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி.

தப்புதான். ஆனால் அது எப்படி நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் அறையில் நான்கு மேசை, நான்கு பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாற்பது சொல். ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதி, கூடவே ஓர் உதாரண வாக்கியமும் எழுத வேண்டும். காலையில் கற்பனை தாராளமாக ஓடும். மூன்று மணிக்கு மேல் குழாயில் காற்றுதான் வரும். அப்போது எல்லோரும் அவரவர் வீட்டு ஆட்கள்மேல் கைவைப்போம். பக்கத்து மேசைக்காரரின் மாமியார் மட்டும் பதினேழு இடங்களில் வருகிறார், அதில் ஒன்றுகூட நல்ல சொல் இல்லை. குறட்டைக்குக் கீழே வருபவர் எங்கள் பதிப்பாசிரியர் அம்மாவின் வீட்டுக்காரர். பெயர் போடக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. பெயர் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நாங்கள் எல்லோருமே நம்பிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று. அந்தச் சொல் நீ நினைக்கிற அளவுக்குக் கேவலமானது இல்லை, அக்கா. மெத்தென்ற குஷனிலிருந்து அது வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான அகராதிக்காரர்கள் அதை ஒத்துக்கொள்வதில்லை. 'செம குஷி' என்கிறோமே, அந்தக் குஷியும் இதுவும் உடன்பிறப்புகள், நம்மைப் போல. பாரசீகத்தில் குஷ் என்றால் இனிமையான, மகிழ்ச்சியான. அது இந்துஸ்தானிக்கு வந்து, அதைப் பேசியவர்களோடு பழகிய ஆங்கிலச் சிப்பாய்களின் வாயில் ஏறி, முதல் உலகப் போரில் பதுங்குகுழிவரை போய்விட்டது. குண்டு விழாத இடத்தில் காவல் போட்டால் குஷி. உயிருக்கு ஆபத்தில்லாமல், போர்முனையிலிருந்து வெளியே அனுப்பும் அளவுக்கு மட்டும் காயம் பட்டால் அதுவும் குஷி. நம்மிடம் வந்த குஷி கொண்டாட்டத்தோடு நின்றுவிட்டது. ஆங்கிலத்துக்குப் போனதுதான் வேலைக்குச் சேர்ந்தது.

இதையெல்லாம் அகராதியில் போட இடமில்லை. உன்னிடம் சொல்லாமல் இருக்க மனமில்லை. விண்ணப்பத்தை அனுப்பிவிடு, அக்கா. நான்காவது கேள்விக்கு வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன்.

தம்பி


மார்ச் 11, புதன்

தம்பிக்கு,

மன்னிப்புக் கேள் என்றால் பாரசீகம் வரைக்கும் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறாய். 'தப்புதான், ஆனால்' என்று எழுதியிருக்கிறாய். 'தப்பு' ஒரு சொல். 'ஆனால்' ஒன்றரைப் பக்கம்.

நான்காவது கேள்விக்கு நீ எழுதித் தருகிறாயாம். என்ன எழுதுவாய்? நான் அந்த நாற்காலியில் ஏறி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நீ எத்தனை முறை உள்ளே வந்திருக்கிறாய்? வாசல் வரை வருவாய். குளோரின் வாசனைக்குத் தும்மல் வருகிறது என்பாய். "வெளியிலயே நிக்கறேன்கா, நீ முடிச்சிட்டு வா" என்பாய். உனக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் என்று எனக்குத் தெரியும், அதனால் நானும் கூப்பிட்டதில்லை. ஆனால் உள்ளே வராமலே என் வேலையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதி, ஊர் முழுக்க அச்சடித்து அனுப்பியிருக்கிறாய் பார், அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது?

மாமியாரைப் பற்றி எழுதியவர் மாமியாரோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டுகிறார். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. உனக்கு இல்லை.

ஒரு நாள் வந்து உட்கார். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை, என் ஷிஃப்ட் முழுக்க. அதற்கப்புறம் என்ன வேண்டுமானாலும் எழுது. வர முடியாது என்றால் பதில் கடிதமும் வேண்டாம்.

அக்கா


மார்ச் 14, சனி

அக்கா,

வருகிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் வேறு ஒரு கடிதம் எழுதினேன். வேலை அதிகம், திருத்திய பதிப்பு ஜூனில் அச்சுக்குப் போகிறது, இடுப்பு வலி என்று மூன்று காரணங்கள் அதில் இருந்தன. உறையை ஒட்டுவதற்குள் பதிப்பாசிரியர் அம்மா மேசைக்கு வந்துவிட்டார். பக்கத்து மேசைக்காரர் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ சனி பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

"அந்தக் குளத்துக்குள்ள நீங்க எப்பவாவது போயிருக்கீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப அந்த வாக்கியத்த எப்படி எழுதுனீங்க?"

"கற்பனைம்மா."

"கற்பனை பண்றதுன்னா இல்லாத ஒருத்தர பத்திப் பண்ணுங்க. இருக்கறவங்கள பத்தின்னா போய்ப் பாத்துட்டு எழுதுங்க. அடுத்த சனிக்கிழமை லீவு எடுத்துக்கோங்க."

வருகிற வெள்ளிக்கிழமை ரயிலைப் பிடித்து, சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் குளத்து வாசலில் நிற்பேன். என்ன கொண்டுவர வேண்டும்?

தம்பி


மார்ச் 17, செவ்வாய்

தம்பிக்கு,

மெல்லிய சட்டை போட்டுக்கொண்டு வா. உள்ளே புழுக்கம் தாங்காது. செருப்பை வாசலிலேயே விட வேண்டும். தும்மலுக்கு ஒரு கைக்குட்டை.

என் நாற்காலிக்குப் பக்கத்தில் பெஞ்சு இருக்கிறது, அங்கே உட்கார். என்னோடு பேசாதே. பேசினாலும் உன் பக்கம் திரும்ப மாட்டேன். கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம் இருக்கிறது, ஆனால் திரும்பாததற்குக் காரணம் அதுவல்ல.

அக்கா


மார்ச் 23, திங்கள்

அக்கா,

திரும்பும் ரயிலில் ஏறியதிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நான்கு முறை கிழித்துப் போட்டேன். ஒரு நாளைக்கு நாற்பது வாக்கியம் எழுதுகிறவனுக்கு இரண்டு நாளாக ஒரு வாக்கியம் சரியாக வரவில்லை.

முதல் மணி நேரம் நான் நினைத்தது நீ நினைப்பதைவிட மோசம். 'ஆமாம், உட்கார்ந்துதானே இருக்கிறாள்' என்றே தோன்றியது. ஏழரை மணிக்குக் கூட்டம் சேர்ந்ததும், பொழுது போகட்டுமே என்று தலைகளை எண்ணினேன். முப்பத்தொன்று. "முப்பத்தொண்ணு இருக்குல்ல?" என்று உன்னிடம் கேட்டேன். நீ திரும்பாமலே, "முப்பத்திநாலு. மூணு பேரு அடியில இருக்காங்க" என்றாய். சொல்லி முடிப்பதற்குள் மூன்று தலையும் மேலே வந்தன. அப்போதுதான் உன் கண்ணைக் கவனித்தேன். கிட்டச் சுவர், நடு, எதிர் மூலை, தரை, மறுபடி கிட்டச் சுவர். ஒரு சுற்றுக்குப் பத்து நொடி என்று என் கைக்கடிகாரம் சொன்னது. அரை மணிக்கு ஒருமுறை அடுத்த நாற்காலிக்கு மாறினாய். வழியில் ஒரு பெண்மணி உன்னிடம் லாக்கர் சாவியைப் பற்றி ஏதோ கேட்டாள். நீ தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாய். திமிர் பிடித்தவள் என்று அவள் நினைத்திருப்பாள். எனக்கு அவளிடம் போய்ச் சண்டை போட வேண்டும் போலிருந்தது.

இப்போது நீலத் தொப்பிக்காரர்.

இதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அக்கா. நீ பாய்வதற்கு முன்னால் ஏழெட்டு நொடியாவது பார்த்திருப்பேன். ஐம்பது வயது மனிதர், நல்ல உடம்பு, ஆழமான பக்கத்தில் நேராக நின்றுகொண்டிருந்தார். தலையைப் பின்னால் சாய்த்துக் கூரையைப் பார்த்தபடி இருந்தார். கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிற எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. குறிப்பேட்டை எடுத்து எழுதினேன். அந்தப் பக்கம் இப்போது என் முன்னால் இருக்கிறது. 'நீலத் தொப்பிக்காரர்: என்ன ஒரு நிம்மதி!'

புள்ளியை வைத்துவிட்டு நிமிர்ந்தால் நாற்காலியில் நீ இல்லை.

மிதவையில் அவரைச் சாய்த்து நீ இழுத்துக்கொண்டு வந்ததையும், அவர் இருமி இருமி, "நல்லாதாம்மா இருந்தேன், திடீர்னு கால் இழுத்துக்கிச்சு, கூப்பிடக்கூட முடியல" என்று சொன்னதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ முதலுதவி செய்து, ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, காகிதத்தில் ஏதோ நிரப்பி, வேறு உடை மாற்றிக்கொண்டு, அடுத்த முறைக்கு மறுபடி அந்த நாற்காலியில் ஏறிவிட்டாய். உன் தோழி எனக்குத் தேநீர் கொடுத்தாள். டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, கை அப்படி நடுங்கியது. "அக்காவுக்கு நடுங்கல, தம்பிக்கு நடுங்குது பாரு" என்று அவள் சிரித்தாள்.

தப்பு, அக்கா. இந்த முறை 'ஆனால்' இல்லை.

திருத்திய பதிப்பில் அந்த வாக்கியத்தை மாற்றுகிறேன். எப்படி மாற்ற வேண்டும் என்று நீ சொல். விண்ணப்பத்துக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது. நான்காவது கேள்விக்கு நான் எழுதித் தர மாட்டேன். நான் பார்த்தும் பார்க்காத ஒன்றை நீ பார்த்தாய், அதை நீதான் எழுத வேண்டும். உன் கண்ணை எப்படிப் பழக்கினாய் என்று இன்னும் நூறு பேருக்குச் சொல்லிக் கொடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


மார்ச் 27, வெள்ளி

தம்பிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அப்புறம் 'என்ன ஒரு நிம்மதி' நினைவுக்கு வந்து சிரித்தேன். வீட்டுக்காரர் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவரும் முதலில் அழுவது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பிறகு சிரித்தார்.

ஒன்றைத் தெரிந்துகொள். அவரைப் பார்த்து ஏமாந்தவன் நீ மட்டும் இல்லை. அவருக்கு இரண்டடி தள்ளி இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கும் தெரியவில்லை. மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் சத்தம் போட மாட்டார்கள், மூச்சு இருந்தால்தானே கத்த முடியும்? நேராக நின்று, வாய் தண்ணீர் மட்டத்துக்கு வந்து, கால் அசையாமல் இருந்தால் நான் யோசிக்க மாட்டேன், குதித்துவிடுவேன். பத்து முறை குதித்தால் மூன்று முறை, "நான் சும்மாதாங்க நின்னேன்" என்று திட்டு வாங்கியிருக்கிறேன். அதுவும் வேலையில் சேர்த்திதான்.

நானும் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத் தோழி உன் வாக்கியத்தைப் படித்தபோது, எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. 'சரியாகத்தானே எழுதியிருக்கிறான்' என்று ஒரு நொடி எனக்கே தோன்றியது. நாளெல்லாம் உட்கார்ந்துவிட்டு வந்து உடம்பு வலிக்கிறது என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும், தெரியுமா? அந்த ஒரு நொடிக்காகத்தான் என்மேல் எனக்கு ஆத்திரம். அதை உன் தலையில் இறக்கினேன். நீயும் வசதியாகத் தலையைக் காட்டிக்கொண்டு நின்றாய்.

உன் சிப்பாய்கள் மட்டும் மனதிலேயே நிற்கிறார்கள். குண்டு விழாத குழியில் இருந்தவர்கள்கூட முறை போட்டுக்கொண்டு முழித்துத்தான் இருந்திருப்பார்கள். அதை நினைத்துக்கொண்டே உட்கார்ந்து நான்காவது கேள்விக்கு எழுதினேன். கேட்டது அரைப் பக்கம், எழுதியது மூன்று பக்கம். கூடுதல் தாள் வைத்துத் தைத்து, இன்று காலை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

வாக்கியத்தை எப்படி மாற்ற வேண்டும் என்று கேட்டாய். எழுதிக்கொள்: 'என் தம்பிக்குச் சொகுசான வேலை, நாள் முழுக்க மேசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் செய்யும் வேலையைப் பற்றி வாக்கியம் எழுதிக்கொண்டிருப்பான்.' ஓர் எழுத்துகூட மாறக் கூடாது.

அக்கா


ஏப்ரல் 2, வியாழன்

அக்கா,

பதிப்பாசிரியர் அம்மா உன் வாக்கியத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. "இதுல கற்பனையே இல்லையே, அப்படியே போடுங்க" என்றார். பக்கத்து மேசைக்காரர் அதைப் பெரிய எழுத்தில் அடித்து என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறார். மாமியார் வரும் பதினேழில் ஒன்பதை அவரும் எடுத்துவிட்டார். மீதி எட்டு உண்மை என்கிறார்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டதா? இங்கே நான்கு மேசையும் என்னைத் தினமும் கேட்டு உயிரை வாங்குகிறது.

தம்பி


ஏப்ரல் 30, வியாழன்

தம்பிக்கு,

அழைப்பு வந்தது, நேர்காணல் முடிந்தது, வேலை கிடைத்துவிட்டது. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

நீளமான மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர். இரண்டு பேர் என் மூன்று பக்கத்தைப் படித்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் படிக்கவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. கண்கள் அப்படி அலைபாய்ந்தன. அவர்தான் கேள்வி கேட்டார்.

"வருஷத்துக்கு எத்தன பேர தண்ணியிலேர்ந்து தூக்குவீங்க?"

"மூணு, நாலு இருக்கும் சார்."

"அவ்வளவுதானா? மீதி நாள்ல?"

"ஒண்ணும் இருக்காது சார். எல்லாரும் நீந்திட்டு, தலைய தொடச்சிட்டு, வீட்டுக்குப் போயிடுவாங்க."

அவர் மற்ற இருவரையும் பார்த்துச் சிரித்தார். "அப்ப கொஞ்சம் சொகுசான வேலைதான்னு சொல்லுங்க."

பழைய நானாக இருந்தால் தலைகுனிந்திருப்பேன். என்னவோ, அன்றைக்குக் கோபமும் வரவில்லை, கூச்சமும் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"ஆமா சார், சொகுசுதான். அத அப்படியே வெச்சிருக்கறதுதான் என் வேலை."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் தாளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். மூன்று பக்கமும் படித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

நாளை புது வேலை. முதல் குழுவில் பன்னிரண்டு பேர். இன்று என் நாற்காலியில் கடைசி நாள். மேலாளர் பூச்செண்டு வாங்கி வைத்திருந்தார், தோழி விசிலைக் கேட்டுப் பிடுங்கிக்கொண்டாள். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை நூற்றுப்பதினெட்டுப் பேர் வந்தார்கள். நூற்றுப்பதினெட்டுப் பேரும் திரும்பிப் போனார்கள்.

அக்கா